உயிரோடு இருப்பவனுக்கு ஒரு கல்வெட்டு

நதானியேலை எனக்குப் பிடிக்காது. பதினெட்டு வருடமாகப் பிடிக்காது. அவனுடைய முதல் ராப் பாட்டுக்குத் தாளம் போட்டவன் நான். ஒரு மேடையிலாவது என் பெயரை அவன் சொன்னதில்லை. இப்போது பண்டத்தரிப்பில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். என் பெயர் பிரகலாதன். இதில் வரும் மற்றப் பெயர்களையும் சில ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். என்னுடையதை மாற்றவில்லை, எனக்கு அந்த மரியாதை தேவையில்லை.

2007இல் போரால் தெற்குக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. சவர்க்காரம்கூடக் கப்பலில்தான் வந்தது. சந்தியிலிருந்த கணினிக் கடையின் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பத்து ரூபாய்ச் சாமான் போன்ற ஒரு மைக்கில் அவன் கத்தினான். நான் மேசையில் தட்டினேன். மிசன் பள்ளி வாத்தியாரின் மகன் அவன். ஆறு வயதிலிருந்து தேவாலயத்தில் பாடியதால் நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. நாற்பது வரியை ஒரே மூச்சில் கொட்டுவான், பாதி தமிழ், பாதி ஆங்கிலம், முழுவதும் கோபம். ஊரடங்கு நேரத்தில் பெடியள் அந்தச் சீடியைப் பிரதி எடுத்து வேலிக்கு மேலால் கைமாற்றினார்கள். ஆறு வருடம் அவன்தான் ராசா. அந்த ஆறு வருடமும் அவனுக்குத் தலைக்கனம் தாங்க முடியவில்லை.

பிறகு இணையம் உள்ள தொலைபேசி வந்தது, புதுப் பெடியள் வந்தார்கள். அவனுடைய வேகப் பாட்டை யாரும் கேட்கவில்லை. அவன் சும்மா இருந்தானா? இல்லை. ஆட்கள் மெல்லிசைதான் கேட்கிறார்கள் என்றதும் காதல் பாட்டுப் பாடினான், கேட்க அருவருப்பாக இருந்தது. எல்லோரும் குரலை இயந்திரத்தால் இழைத்துப் பாடுகிறார்கள் என்றதும் அதையும் செய்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவதுபோல இருந்தது. தவிலைச் சேர்த்தான், பறையைச் சேர்த்தான். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பெரியவளான மகளின் சாமத்தியச் சடங்கில் பிள்ளை பல்லக்கில் வரும்போது போடுவதற்கு ராப் கேட்டார்கள், அதையும் எழுதிக் கொடுத்தான். பதினைந்து விநாடிப் பாட்டு என்றார்கள், அதற்கும் வளைந்தான். எதுவும் எடுபடவில்லை. நாற்பத்திரண்டு வயதில் மூச்சும் குறைந்துவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோசம், மறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நிருஷன் வந்தான். கோப்பாய்ப் பெடியன், இருபத்துமூன்று வயது. கேட்டால் விடாமல் ஒட்டிக்கொள்ளும் குரல். வந்த உடனேயே நதானியேலைக் கடித்தான். "நேற்றையான் பாணை இண்டைக்குச் சூடாக்கி விக்கிற கிழவன்" என்று ஒரு வரி, பேக்கரியில் மிஞ்சிய பாணாம். மூன்றே நாளில் ஊரெல்லாம் அந்த வரிதான். நதானியேல் சந்தைக்குப் போனால் பின்னாலிருந்து "பாண்! பாண்!" என்று சத்தம் வரும். அவனுடைய மனைவி நிமலினி படிப்பிக்கும் பள்ளியில் பிள்ளைகள் கரும்பலகையில் ஒரு றாத்தல் பாணைக் கீறி வைத்திருந்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு கோயில் வெளியில் நிருஷன் பாடினான். நடுப்பாட்டில் குரலைத் திருத்தும் இயந்திரம் நின்றுபோனது. உண்மைக் குரல் வெளியே வந்தது, ஆடு கத்தியதுபோல. சனம் சிரித்தது. அடுத்த நாள் காலை நதானியேல் என் அச்சகத்துக்கு வந்தான். மூன்று வருடமாக எட்டியும் பார்க்காதவன்.

"டேய், நீ கல்வெட்டு அடிக்கிறனியெல்லே. அதின்ரை ஒழுங்கு என்ன? முதல் என்ன வரும், பிறகு என்ன வரும்?"

எங்கள் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தாய் புலம்பல். என் அச்சகத்துக்குச் சோறு போடுவது அதுதான்.

"ஆர் செத்தது?" என்றேன்.

"நிருஷன்."

"எப்ப?"

"நேற்று, மேடையிலை. நான் கல்வெட்டுப் பாடப்போறன். நீ புத்தகத்தை அடி."

நான் சிரித்தேன். அந்தப் பெடியனின் எகத்தாளம் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. நதானியேலுக்குத் திதி பார்க்கத் தெரியாது, அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துக் கொடுத்தது நான்: விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அபரபக்கத் தசமி. சின்னப்பிள்ளை மாதிரி ரசித்துச் செய்தேன். முகப்பில் நிருஷனின் படத்தை முட்டை வடிவத்தில் வெட்டிப் போட்டு, மேலே அமரர் என்று எழுதினேன். இருநூறு பிரதி. வழக்கப்படி பின்னட்டையில் அச்சகத்தின் பெயரும் விலாசமும்.

பாட்டைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அது நல்ல பாட்டு. வேகமில்லை, ஆங்கிலமில்லை. செத்த வீட்டில் அடிக்கும் சேமக்கலத்தை நிதானமாக அடித்து, இடையில் ஒரு சங்கு. அதற்கு மேல் அவனுடைய தேய்ந்த குரல், ஒப்பாரியின் இழுவையில், ஒவ்வொரு சொல்லாக. இத்தனை வருடம் மறைக்கப் பார்த்த வயது முதல்முறையாக அவனுக்கு உதவியது. தாய் புலம்பல் வரும் இடத்தில் குரலை இன்னும் தாழ்த்தினான்:

"பெத்த வயிறு பத்தி எரியுதடா மகனே,
செத்த உன்ரை பாட்டை இனி ஆர் கேட்பார் மகனே."

முப்பத்தோராம் நாள் யூரியூப்பில் ஏற்றினோம். புத்தகத்தைச் சந்திகளில் கொடுத்தோம். ஐந்து நாளில் நான்கு லட்சம் பேர் கேட்டார்கள். ஆறாம் நாள் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. மார்கழியில் மூன்று மேடை, அந்தப் பாட்டுத்தான் கடைசிப் பாட்டு, அது இல்லையென்றால் அழைப்பும் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒருவரும் கூப்பிடாதவன் என் கதிரையில் இருந்து அந்தச் செய்தியை நாலு தரம் வாசித்தான். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்துமணி போல ஒரு அம்மா வந்தார். கையில் குடை, மற்றக் கையில் ஒரு பை. நதானியேல் ரொறன்ரோவுக்கு அனுப்பும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கத்தில் இருந்தான். பையோடு வரும் பெண்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கதிரையைத் துடைத்துவிட்டு, தாளையும் பேனையையும் எடுத்தேன்.

"இருங்கோ அம்மா. என்ன திதி?"

"அதைக் கேக்கத்தான் வந்தனான், தம்பி."

பையிலிருந்து எங்கள் கல்வெட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ரை பேர் குணலட்சுமி. நிருஷன்ரை தாய். கோப்பாயிலையிருந்து ரெண்டு பஸ் மாறி வாறன். உதிலை தாய் புலம்பல் எழுதினது ஆர்?"

நதானியேல் எழும்பினான். சண்டைக்குத் தயாராகத்தான் எழும்பினான், முகத்தில் தெரிந்தது.

"நான்தான், அம்மா. உது ஒரு போட்டிப் பாட்டு. எங்கடை பாட்டிலை ஒருத்தரை ஒருத்தர் உப்பிடித்தான் ஏசுறது. உங்கடை மகன் என்னை என்ன சொன்னவர் எண்டு கேட்டியளோ?"

"கேட்டனான். அது பிழையெண்டு அவனுக்கும் சொன்னனான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "வயிறு பத்தி எரியுதெண்டு எழுதியிருக்கிறியள். சரியாத்தான் எழுதியிருக்கிறியள். அதுதான் ஆரெண்டு பாக்க வந்தனான்."

நதானியேல் திரும்பக் கதிரையில் அமர்ந்தான்.

"எனக்கு ரெண்டு பெடியள். மூத்தவனைக் கடைசியாக் கண்டது வட்டுவாகலிலை. சண்டை முடிஞ்ச வைகாசி மாதம், ஆமிக்காரர் ஏத்தின பஸ்சிலை ஏறினவன். பத்தொன்பது வயது. பதினாறு வருசமாச்சு. சொந்தக்காரர் எல்லாரும் சொல்லினம், ஒரு திதியைப் பாத்துச் செய், கல்வெட்டை அடி, மனம் ஆறுமெண்டு. எந்த நாளிலை செய்யிறது? பஸ்சிலை ஏறின நாள் செத்த நாளோ? நான் அடிக்கேல்லை. அடிக்கவும் மாட்டன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பஞ்சாங்கம் பாக்கத் தெரிஞ்ச ஆள். வீட்டிலை சோறு திண்டுகொண்டு இருக்கிறவனுக்கு ஒரு திதி கண்டுபிடிச்சுப் போட்டியள். மற்றவனுக்கும் ஒண்டைப் பாத்துச் சொல்லுங்கோவன், தம்பி."

என் கையில் பேனை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்ன திதி என்று எத்தனை பேரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அன்றுதான் வெட்கப்பட்டேன்.

அவர் குடையை எடுத்தார். "நான் வந்தது நிருஷனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். தமையன்ரை கதை எடுத்தா ரெண்டு நாளைக்குச் சாப்பிடான்." பாட்டை எடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று நதானியேல் பின்னால் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். புத்தகம் மேசையில் கிடந்தது.

திரும்பி வந்தவன் கதிரையை உதைத்தான். அது போய் அச்சு இயந்திரத்தில் மோதியது.

"நாசமறுப்பானே! நான் வேதக்காரன், எனக்கென்ன தெரியும்? நீ சைவக்காரன். உப்பிடி உயிரோடை இருக்கிறவனுக்கு அடிக்கக் கூடாதெண்டு நீயெல்லோ சொல்லியிருக்கவேணும்!"

"ஓ, இப்ப நானோ? தாய் புலம்பலை எழுதினது நானோ? பல்லைக் காட்டிக்கொண்டு பாடினது நானோ?"

"திதி பாத்தது ஆரடா?"

அடிபிடி வரைக்கும் போனோம். என் சட்டையில் இரண்டு பொத்தான் போனது. பதினெட்டு வருடத்தில் சொல்லாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன், என் பெயரை ஒரு மேடையிலும் சொல்லாததையும் சொன்னேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிலத்தில் குந்தினான். தொலைபேசியை எடுத்தான். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று திரையில் நின்றது.

"ரொறன்ரோ?" என்றேன்.

"வாயை மூடு."

அழித்தான். முழுவதுமாக அழித்துவிட்டானா என்று இரண்டு தரம் பார்த்தான். மிஞ்சியிருந்த முப்பத்தாறு பிரதியைப் பின்வளவில் போட்டுக் கொளுத்தினோம். ரொறன்ரோக்காரர் அன்று பின்னேரமே வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

நிருஷன் சும்மா இருப்பானா? ஒரு கிழமைக்குள் பதில் பாட்டு வந்தது. கிழவன் தன் பாட்டுக்குத் தானே பயந்து அழித்துவிட்டான், பாண் பூஞ்சணம் பிடித்துவிட்டது, கல்வெட்டு அவனுக்குத்தான் என்று பாடியிருந்தான். சேமக்கலத்தையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். பத்து லட்சம் பேர் கேட்டார்கள்.

போன மாதம் சந்திக் கடையில் நானும் நதானியேலும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் நாலு பெடியள் அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டார்கள். எங்களைப் பார்த்து வேண்டுமென்றே போட்டார்கள்.

"அண்ணை, எப்ப முப்பத்தொண்டு? சாப்பாடு இருக்கோ?" என்றான் ஒருவன். மற்றவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

எழும்பினேன். நதானியேல் என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

"விடடா, சொல்லுறன்!" என்றேன். "அவன்ரை தாய் வந்தவ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். உவங்கள் எல்லாம் அடங்குவாங்கள். நிருஷனும் அடங்குவான்."

"அடங்குவான். தமையன்ரை கதையை உவங்கள் வாயாலை கேட்டு அடங்குவான். பிறகு ஒருத்தன் அதையும் பாட்டாக் கட்டுவான்." தேநீரை ஒரு மடக்குக் குடித்தான். "வேற ஆரும் வேண்டாம். நாலு மாதம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லையெண்டா, நானே கட்டுவன். என்னை எனக்குத் தெரியும். அதாலை நீ சொல்லாதை, எனக்கும் ஞாபகப்படுத்தாதை."

பெடியள் பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டார்கள். அவன் முழுவதையும் கேட்டான். முடிந்ததும், தாளம் நல்லாயிருக்கு என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான். அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஆனால் அச்சகத்துக்கு யார் வந்தாலும் நான் இப்போது திதியைக் கேட்பதில்லை. பெயரைக் கேட்கிறேன், பிறகு அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.