அரை மணி நேர வேலை

பட்டறைப் பக்கம் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்றால்தான் தெரியும். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், உள்ளே இருந்தபடியே, "பெல்ட்டு தேஞ்சிருக்கு" என்றோ "மூணாவது இன்ஜெக்டர் சரியில்ல" என்றோ சொல்லிவிடுவார். பத்தில் ஒன்பது சரியாக இருக்கும். தப்பிப்போன பத்தாவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவரும்தான். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிக்கப் வண்டிகள்தான் அவரிடம் அதிகம் வரும்.

அவருடைய அக்கா வீட்டிலும் அப்படி ஒரு பிக்கப் இருந்தது. அக்காவும் அத்தானும் அதில் பூச்செடி, பழக்கன்று எல்லாம் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்றார்கள். அக்கா ஏறி இறங்கத் தோதாகப் பின்பக்கம் மூன்று இரும்புப் படி வைத்துக் கொடுத்தவர் காதுக்காரர்தான். அத்தானுக்கு அந்த வண்டி இன்னொரு பிள்ளை மாதிரி. மழை வந்தால் தான் நனைந்தாவது அதை மூடுவார்.

நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அத்தான் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காணாமப் போகுது மாப்ள. கீழ ஒரு சொட்டு ஒழுகல. புகைதான் நீலமா வருது."

காதுக்காரர் ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். புகையைப் பார்த்தார்.

"பிஸ்டன் ரிங்கு போச்சு அத்தான். எஞ்சினை இறக்கணும். இத்தனை ஓடினதுக்கு அப்புறம் பிரிச்சா ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். ஆள் கிடைச்சா தள்ளி விட்டுடுங்க."

"எதுக்கும் ஒரு தடவை சோதிச்சுப் பாரேன். எஞ்சினுக்குள்ள அழுத்தம் பார்க்க கம்ப்ரஷன் மீட்டர்னு ஏதோ வச்சுப் பார்ப்பாங்களே..."

தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். "காதுக்காரருக்கே மீட்டரா?" என்றான் ஒருவன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"இருபது வருஷமா நான் இங்க கழுதையா மேய்ச்சேன்?"

அத்தான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். மீட்டர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். காதுக்காரர் நீட்டவில்லை.

அடுத்த மாதமே வண்டி கைமாறியது. வண்டி போனதும் செடி வியாபாரமும் படுத்துவிட்டது. அத்தான் வெளியூரில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டப் போனார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் வருவார். அவர் போகும்போது மகளுக்கு ஐந்து வயது. அவர் வரும்போதெல்லாம் அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒளியவில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆறு வருடம் இப்படியே ஓடியது. பிறகு முழங்கால் ஒத்துழைக்காமல் அத்தான் வீட்டோடு வந்துவிட்டார்.

அவர் வந்த சில வாரங்களில், பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு தச்சர் காதுக்காரரிடம் வந்தார். வண்டியின் நிறம் மாறியிருந்தது. ஆனால் பின்னால் அந்த மூன்று படிகள். ஓடிய கணக்கு ஆறு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்.

"எஞ்சினை எப்பங்க இறக்கினீங்க?" என்று கேட்டார் காதுக்காரர்.

"இறக்கறதா? இன்னும் பிரிக்காத எஞ்சினுங்க இது."

"ஆயில் குடிச்சிருக்குமே?"

"வாங்கினப்ப குடிச்சுது. ஒரு மெக்கானிக் காத்துக் குழாயைக் கழட்டிப் பார்த்தாரு. உள்ள ஒரே ஆயில். மேல இருக்கிற வால்வுல ரப்பர் சவ்வு கிழிஞ்சிருந்துச்சு. மாத்திப் போட்டாரு. அரை மணி நேர வேலை. அவ்வளவுதான்."

எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுக் குழாய்க்குத் திருப்பி விடுவது அந்த வால்வு. சவ்வு கிழிந்தால் ஆவியோடு ஆயிலும் இழுபட்டு எரியும். ரிங் தேய்ந்தாலும் நீலப் புகைதான், சவ்வு கிழிந்தாலும் நீலப் புகைதான். கழற்றிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். இது காதுக்காரருக்குத் தெரியாத பாடம் அல்ல.

பிரேக் வேலை முடிந்ததும் அவராகவே மீட்டரை எடுத்து, நான்கு சிலிண்டரையும் சோதித்தார். நான்கும் கல்லு மாதிரி இருந்தன, ரிங் எதுவும் தேயவில்லை. "இந்த வண்டியை எனக்கே கொடுத்துடறீங்களா?" என்று தச்சரிடம் கேட்டார்.

"இது ஓடற வரைக்கும் விடறதா இல்லைங்க" என்று சிரித்தார் தச்சர்.

காதுக்காரர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காதுக்காரர் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அத்தான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே பார்த்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"அரை மணி நேரம்."

அவள் மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

அத்தான் திட்டுவார் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அத்தான் சொன்னார்: "வேற பட்டறையில நானும் காட்டியிருக்கலாம். நீ சொல்லிட்டியேன்னு விட்டுட்டேன். நம்ம வீட்டு ஆளு சொன்னா அப்புறம் என்ன?"

மகள் பையைத் தோளில் மாட்டியபடி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அப்பா போயிருக்கவே வேணாமா மாமா?"

அக்காதான், "நேரமாச்சு, கிளம்பு" என்று அவளை வாசலுக்குத் தள்ளினாள்.

இப்போது எந்த வண்டி வந்தாலும் அவர் மீட்டர் வைக்காமல் வாய் திறப்பதில்லை. "காது மந்தமாயிடுச்சா?" என்று டிரைவர்கள் கேலி செய்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறார். அத்தான் எப்போதாவது கால் தாங்கித் தாங்கி நடந்து பட்டறைக்கு வருகிறார், டீ குடிக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார். அக்காவும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமல் இல்லை. மகள் மட்டும் அவரிடம் பேசுவதில்லை. அவர் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவளைக் கூப்பிட்டுப் பேச வைக்கும்படி அக்காவிடம் கேட்க அவருக்கு வாய் எழவில்லை.