பதினைந்து விநாடி வசந்தம்

எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களில் கேக் வெட்டும்போது சித்தப்பா ஜப்பானிய மொழியில் பாடுவார். மற்றவர்கள் வழக்கமான ஆங்கில வாழ்த்தைப் பாடிக் கை தட்டி முடித்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடையில் தாளம் தட்டியபடி தொடங்குவார். சரியாகப் பதினைந்து விநாடி. பிறகு குழாயைப் பூட்டியதுபோல் பாட்டு சட்டென்று நின்றுவிடும். மறந்துவிட்டாரோ என்று புதிதாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவர் நிறுத்திய பிறகுதான் கேக்கில் கை வைக்கலாம்.

அது ஒரு போத்தல் தேநீர் விளம்பரத்தில் வந்த பாட்டு. சித்தப்பா என் அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர் நேரே மெல்பனுக்கு வரவில்லை. ஒன்பது வருடம் ஜப்பானில், சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அதுவும் கல்யாணம் முடித்து மூன்றாம் மாதம், சின்னம்மாவை ஊரில் விட்டுவிட்டுப் போனவர். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு ஹீட்டரும் ஒரு ரீவியும் இருந்தன. செய்தி அவருக்கு விளங்காது, நாடகம் விளங்காது, விளம்பரம் மட்டும் விளங்கும். பொருளைக் கையில் பிடித்துக் காட்டுவார்கள், ஒரே ஆள் ஒரே சொல்லை நாளுக்கு நாற்பது தரம் சொல்லுவார். அவர் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

மார்ச் மாதம் பிறந்தால் அந்த நாட்டு விளம்பரங்கள் எல்லாம் ஒன்றாகச் சட்டை மாற்றிக்கொள்ளும் என்பார். பியரோ சவர்க்காரமோ உதட்டுச்சாயமோ, எதை விற்றாலும் பின்னால் செர்ரிப்பூ உதிரும், யாரோ ஒரு பாடகி புதுப் பாட்டுப் பாடுவாள். அவருடைய தேநீர் விளம்பரத்தில் ஒரு பெண் ஆற்றங்கரையால் சைக்கிளில் வருவாள். முன்கூடையில் தேநீர்ப் போத்தல், தலையெல்லாம் பூவிதழ். முழுப்படம் ஒன்றின் கதையைச் சொல்வதுபோல் இதை எங்களுக்குச் சொல்லுவார். "அந்தப் பாட்டு ரீவியில வந்திட்டுதெண்டா குளிர் முடிஞ்சுது எண்டு அர்த்தம் பிள்ளை. அண்டைக்கே ரெண்டாவது சுவெற்றரைக் கழட்டி எறிஞ்சுபோடுவன்."

மெல்பனில் வசந்தம் செப்டம்பரில் வரும். சின்னம்மாவும் ஒருவழியாக வந்துசேர்ந்து, அவர்களுக்கு ஒரே மகள், என் தங்கச்சி, பிறந்ததும் ஒரு செப்டம்பரில்தான். கிளென் வேவர்லியில் எங்கள் தெரு முழுக்க பிளம் மரங்கள் பூத்துக்கிடக்க, மக்பைக் குருவிகள் தபால்காரரின் தலையைக் கொத்தத் துரத்தும் காலம். குழந்தையைக் கையில் வாங்கியதும் சித்தப்பா அந்தப் பாட்டைத்தான் பாடினாராம். தாதி கை தட்டினாளாம். அதற்குப் பிறகு அது பிறந்தநாள் பாட்டாகிவிட்டது.

அதைக் கெடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி எடுத்திருந்தேன். பதினான்கு வயதுக்குரிய தலைக்கனம் முழுவதும் என்னிடம் இருந்தது. சித்தப்பா பாடும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, நூலகக் கணினியில் நாட்கணக்காகத் தேடி, முழுப் பாட்டையும் கண்டுபிடித்தேன். நாலரை நிமிடப் பாட்டு. அகராதியும் கையுமாக உட்கார்ந்து வரிவரியாக அர்த்தம் எடுத்தேன். ரயில் புறப்படுகிறது, ஒருத்தி போகிறாள், பாடுகிறவள் ரயில் மேடையில் நிற்கிறாள், இனிச் சந்திப்பதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. புதையல் கிடைத்ததுபோல் இருந்தது.

தங்கச்சிக்கு ஆறு வயது முடிந்த பிறந்தநாள், டண்டினொங்கில் அவர்களுடைய வீட்டில் நடந்தது. சித்தப்பா பாடி நிறுத்தினார். கேக்கைச் சுற்றி நின்ற இருபது பேருக்கும் கேட்கத்தக்கதாக நான் சொன்னேன். "சித்தப்பா, இது பிறந்தநாளுக்குப் பாடுற பாட்டில்லை. ஆக்கள் பிரிஞ்சு போகேக்க பாடுறது. இனி உன்னைக் காணமாட்டன் எண்டு வருது." எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அன்ரி, "ஐயோ, நல்ல நாளும் அதுவுமாய் பிள்ளைக்கு இதையே பாடுறனீர்?" என்றார். சித்தப்பாவும் சிரித்தார். "ரீவியில பதினைஞ்சு செக்கன்தானே போட்டவங்கள். மிச்சத்தை ஆர் கண்டது?" சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவர் அவர். கத்தியைத் துடைத்துவிட்டு கேக்கைத் துண்டு போடத் தொடங்கினார்.

அடுத்த வருடம் சித்தப்பா பாடவில்லை. எல்லோருடனும் சேர்ந்து ஆங்கில வாழ்த்தைப் பாடிக் கை தட்டிவிட்டு, படம் எடுக்க ஒதுங்கிக்கொண்டார். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒவ்வொரு செப்டம்பரும் மெழுகுதிரி அணைந்த பிறகு வரும் அந்த இடைவெளியில் நான் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை அவரிடம் சொல்ல எனக்குப் பதினேழு வருடம் பிடித்தது.

இப்போது நான் அதே மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஜப்பானில் பள்ளிக்கூடம் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும், அதனால் அங்கே வசந்தப் பாட்டென்றால் பாதி அழுகை, பாதி வரவேற்பு என்று என் மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்கிறேன். விளம்பரக்காரர்கள் அதில் வெளிச்சமான துண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள் என்றும் சொல்கிறேன். ஒருநாள் வகுப்பில் உதாரணத்துக்கு அந்தத் தேநீர்ப் பாட்டையே எடுத்து, விளம்பரத்தில் வந்த வரிகளைத் தனியாகப் பிரித்துப் பலகையில் எழுதினேன். எழுதிவிட்டு, அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரிகளில் பிரிவும் இல்லை, ரயிலும் இல்லை. சித்தப்பா ஒரு நாளும் பிழையாகப் பாடியதில்லை.

போன செப்டம்பரில் தங்கச்சிக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை, முதல்தரம் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் போனேன். சின்னம்மா கத்தரிக்காய்ப் பொரியலை ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா குசினிக் கதிரையில் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

"சித்தப்பா, அண்டைக்கு நான் சொன்னது பிழை," என்றேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"என்ன பிழை? அது பிரியிற பாட்டுத்தானே. கொம்பியூட்டரில பாத்தனிதானே?"

"அது முழுப் பாட்டு. நீங்கள் பாடுற துண்டில பிரிவே இல்லை. வசந்தம் வந்திட்டுது, யன்னலைத் திற எண்டு மட்டும்தான் இருக்கு."

"யன்னலோ?" என்றார். "எங்கட அறையில யன்னலே இல்லையடி." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்குக் கண் கலங்கியது.

கைபேசியில் முழுப் பாட்டையும் போட்டேன். அவருடைய துண்டு வந்தபோது விரல் தானாகத் தொடையில் தட்டியது. அது கடந்ததும் விரல் நின்றது. மிச்சத்தைத் தலை குனிந்து கேட்டார். சின்னம்மாவும் மூடியை மூடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். "இப்ப என்ன சொல்லுறாள்?" என்று சித்தப்பா கேட்க, ரயில் போய்விட்டது, பாடுகிறவள் இன்னும் மேடையில் நிற்கிறாள் என்றேன். "போறவள் பாடேல்லையோ?" என்றார். இல்லை, நிற்கிறவள்தான் கடைசிவரை பாடுகிறாள் என்றேன். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு விளங்குது," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை காருக்குள் பெட்டிகள் அடுக்கி முடிந்தது. தங்கச்சி எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு ஏறி, கண்ணாடியை இறக்கினாள். சித்தப்பா காரின் கூரையில் கையை வைத்தபடி, ஒரு அறிவித்தலும் இல்லாமல் பாடினார். குரல் முன்னைப்போல் இல்லை, நடுவில் ஒருமுறை உடைந்தது. ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. பதினைந்து விநாடியில் சட்டென்று நிறுத்தினார்.

"அப்பா, வட் அபவுட் த ரெஸ்ட்?" என்று அவள் கேட்டாள்.

சித்தப்பா கூரையிலிருந்து கையை எடுத்தார்.

"மிச்சம் நிக்கிறவைக்கு," என்றார். "நீ வெளிக்கிடு பிள்ளை."