நாயனக்காரர் சாப்பிடாமப் போன படம்

போன சந்தைக்கு மிளகு மூட்டையோட மலை எறங்குனேன். அடிவாரத்துல கால் வைக்கலை, தப்பு மேளச் சத்தம். டெண்ட் கொட்டாய்க்காரங்க மாட்டு வண்டியில தட்டி கட்டி, நோட்டீஸ் வீசிக்கிட்டே வர்றாங்க.

ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். அதே படம்! போன வருசம் வந்து போன அதே கல்யாணக் காமெடி. மறுபடியும் கொண்டாந்துட்டாங்க.

எங்க மிளகை வாங்கறது பாப்பாத்தியக்கா கடை. அங்க அதுக்குள்ள சண்டையே ஆரம்பிச்சாச்சு. அக்காளுக்கும் அவங்க ஊட்டுக்கார அண்ணனுக்கும்.

"மூணாவது வாட்டி பார்க்கத்தான் போறேன். என்ன இப்போ?" இது அண்ணன்.

"போங்க, போங்க. அங்கயே பாயைப் போட்டுப் படுத்துக்கங்க. பெத்தவளோட பழைய கதையைச் சபையில வச்சுச் சிரிக்கறதுக்கு ஒரு படமுங்களா? கருமம்!"

"ஏன், பொறக்கறப்பவே ஆத்தாளாவா பொறந்தா? அவளுக்கும் ஒரு வயசு இருந்திருக்கும்ல?"

"அப்படீங்களா? இருங்க, உங்கம்மாளைக் கூப்புட்டு அவங்களுக்கு என்ன கதைன்னு கேட்டுருவோம்."

அண்ணன் கப்புனு வாயை மூடிட்டாரு. கடையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.

அப்பத்தான் அக்கா என்னைப் பார்த்தாங்க. "வா கண்ணு. நீயும்தானே பார்த்தே? நீயே சொல்லு. அந்தப் படம் நல்லாவா இருக்குது?"

மூட்டையை எறக்கி வச்சுட்டு, "அப்புறமா சொல்றேனுங்க்கா"ன்னு கிளம்பிட்டேன்.

அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதறேன். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்துல எதை எதையோ எழுதுறேன்... பலாப்பழம், கரடி, கருதறுப்புன்னு. எங்கம்மா செத்ததை மட்டும் ரெண்டே வரியில எழுதிட்டு நகந்துட்டேன். நகந்ததுக்குக் காரணம் இருக்குது.

முதல்ல படத்தோட கதை. ஒரு ஊட்டுல பொண்ணுக்குக் கல்யாணம். நாயனம் வாசிக்க ஒருத்தர் வர்றாரு. பந்தல்ல உக்காந்து நிமிந்து பார்த்தா... எதிர்ல நிக்கறது பொண்ணோட அம்மா! சின்ன வயசுல இவரு ஆசைப்பட்ட பொண்ணு. அவளும்தான் ஆசைப்பட்டா. அவ்வளவுதான், மனுசனுக்கு வாசிப்பு ஓடலை. ஊர்வலத்துக்கு வாசிக்கறதைப் பந்தல்ல வாசிக்கறாரு. தாலி கட்டற நேரத்துல தாலாட்டு வாசிக்கறாரு! பொண்ணோட அம்மா நெல்லுக் குதிருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறா. குதிருக்குள்ள கை விட்ட சமையக்காரன் அலறறான். கடைசியில குட்டு வெளிப்பட்டு, எல்லாரும் அந்த நாயனக்காரரைக் கேலி பண்ணித் துரத்தறாங்க. அவரு நாயனத்தை உறையில போட்டுக்கிட்டு நடக்கறாரு. இங்க பந்தி நடக்குது, ஒரே சிரிப்பு. சுபம்.

நாங்க மூணு பேரும் போயிருந்தோம். நான், எங்கம்மா, எங்கப்பன். மொத ஆட்டம் பார்த்துட்டுப் பாப்பாத்தியக்கா ஊட்டுல படுத்துக்கிட்டு, வெடிஞ்சதும் மலையேறறதா ஏற்பாடு.

நானும் எங்கம்மாளும் தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம், பொம்பளைங்க மணல்ல. பக்கத்துல பாப்பாத்தியக்கா. கொட்டாயே உருண்டு சிரிச்சுது. அக்கா மட்டும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இந்தப் பொம்பளைக்கு வெக்கமே இல்லையா?"

எனக்கு அந்தப் பேச்சு சுருக்குன்னுது. எங்கம்மா மொகத்தை ஓரக்கண்ணால பார்த்தேன். அவ பாட்டுக்குக் கடலை உரிச்சுக்கிட்டுப் படத்தைப் பார்க்கறா.

ஏன் சுருக்குன்னுதுன்னா... எங்க மலை வழக்கத்தைச் சொல்லணும்.

எங்க பக்கம் ஒரு பொம்பளைக்குப் புருசனோட ஒத்துப் போகலைன்னா, வேற ஒருத்தரோட போய் இருக்கலாம். ஊர் கூடிப் பேசும், முடிக்கும். பின்னால திரும்பி வந்தாளா? வந்துக்கலாம். சண்டையும் இல்லை, சாபமும் இல்லை. எங்கம்மாளும் அப்படித்தான். எங்கப்பனோட கோவிச்சுக்கிட்டு, எங்க மலையிலயே இருக்கற வளப்பூர் நாட்டுல ஒருத்தரோட மூணு மழைக்காலம் இருந்தா. அப்புறம் எங்க குண்டூர் நாட்டுக்கே, எங்கப்பன்கிட்டயே வந்துட்டா. அதுக்கப்புறம் பொறந்தவ நான். அந்த மனுசனை எங்க ஊட்டுல "வளப்பூராரு"ம்பாங்க. திருவிழாவுல பார்த்தா எங்கப்பனும் அவரும் ஒண்ணா உக்காந்து வெத்தலை போடுவாங்க.

இதெல்லாம் எனக்கு வெக்கமாவே இருந்ததில்லை. பத்து வயசுல பாப்பாத்தியக்கா ஊட்டுல கொழந்தை பார்த்துக்கப் போய் ரெண்டு வருசம் இருந்தேன். அங்கதான் எழுத்துக் கூட்டப் படிச்சேன். எழுத்தோட சேர்த்து எதுக்கெல்லாம் வெக்கப்படணும்னும் படிச்சுக்கிட்டேன் போலிருக்குது.

மறுநா காலையில மலையேறறோம். "எப்படிங்கப்பா படம்?"னு கேட்டேன்.

"நாயனம் நல்லா வாசிச்சான்" அப்படின்னாரு எங்கப்பன். அவருக்கு அவ்வளவுதான்.

எங்கம்மா கொஞ்ச தூரம் நடந்துட்டுச் சொன்னா: "அந்த நாயனக்காரனுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருக்கலாம். அத்தனை பேரு பந்தியில உக்காந்திருக்காங்க... அவன் மட்டும் வெறும் வயித்தோட போறான்."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "உனக்கு ஏன் வலிக்காது? நீயும் அவளும் ஒண்ணுதானே!"

எங்கம்மா விறுவிறுன்னு எனக்கு முன்னால நடந்தா. மலை ஏறி முடிக்கற வரைக்கும் திரும்பிப் பார்க்கலை.

அடுத்த மழையில மலைக்காய்ச்சல் வந்து எட்டே நாள்ல போய்ட்டா.

எழவுக்குப் பாப்பாத்தியக்காளும் அண்ணனும் அத்தனை தூரம் மலையேறி வந்தாங்க. அக்கா எங்கூடவே உக்காந்திருந்தாங்க. அந்த நேரம் பார்த்து வளப்பூராரு வந்தாரு. கையில, செத்தவங்க மேல போத்தற கோடித் துணி.

உங்களுக்கே தெரியும், உலகச் சண்டைக் காலம். துணிக்கு ரேஷன் கார்டு. அவருக்குச் சேலை கெடைக்கலை. தனக்குன்னு கெடைச்ச ஒரே ஒரு வேட்டியை, ஓரத்தை மஞ்சத்தண்ணியில நனைச்சுக் கொண்டாந்திருந்தாரு.

பாப்பாத்தியக்கா என் காதுல கேட்டாங்க. "இவரு யாரு கண்ணு?"

அவ்வளவுதாங்க. அந்தக் கொட்டாய் மொத்தமும் எங்க வாசல்ல உக்காந்து சிரிக்கற மாதிரி இருந்துச்சு. எழுந்து போய்க் குறுக்கால நின்னேன்.

"நீங்க கோடி போட வேண்டாம். போயிருங்க."

எங்கப்பன் என் கையைப் புடிச்சாரு. "வுடு கண்ணு. போடட்டும். அவனும் அழுதுக்கட்டும்."

கட்டுன புருசனே சொல்றாரு! நான் கேக்கலையே. "போங்கன்னா போங்க!"ன்னு கத்துனேன்.

வளப்பூராரு அந்த வேட்டியை நாலா மடிச்சாரு. "சரி சாமி"ன்னாரு. திரும்பி நடந்தாரு. எழவுக்கு வந்தவங்களுக்கு அன்னைக்குச் சாமைச்சோறு ஆக்கியிருந்தோம். அவரு சாப்புடலை.

அப்புறம்தான் ஒண்ணு தெரிஞ்சுது. பாப்பாத்தியக்கா தப்பா எதையும் கேக்கவே இல்லை. யாருன்னு சும்மா கேட்டிருக்காங்க. அவங்க சொல்லாததை எல்லாம் நானே கேட்டுக்கிட்டேன்!

ஒரு படம் ஒரு ஆளை இப்படிக் கெடுக்குமா? படத்து மேல பழியைப் போட்டா எனக்குச் சுளுவு. கொட்டாயில நானூத்துக்கும் மேல பேரு பார்த்தாங்க. நான் ஒருத்திதான் இப்படி நின்னேன்.

அந்தச் சந்தை முடிஞ்ச மறுநாள் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கித் தூக்குப் போசியில எடுத்துக்கிட்டு வளப்பூருக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டே போனேன். அவரு மரவள்ளிக் காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்தாரு. இடுப்புல ஒட்டுப் போட்ட துண்டு.

"வா சாமி. அப்பன் நல்லா இருக்கறாரா?"

"இருக்கறாருங்க."

தூக்கை நீட்டுனேன். வாங்கிக்கிட்டாரு. வரப்புல உக்காந்து நிதானமா, ஒரு பருக்கை விடாம சாப்புட்டாரு.

"அந்த வேட்டி..."ன்னு இழுத்தேன்.

"ஊட்டுல பரண் மேல இருக்குது."

"நீங்க கட்டிக்கலீங்களா?"

"கோடின்னு எடுத்ததைக் கட்டிக்கறதா கண்ணு?"

அவரு கோவமாச் சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை. சோறு இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் போடலாம். மண்ணு மூடுன பின்னால கோடியை எங்க போடறது?

பேச்சை மாத்தி அந்தப் படத்துக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். அவரு டாக்கியே பார்த்ததில்லையாம். தாலி கட்டறப்போ தாலாட்டு வாசிச்ச இடத்துல, எச்சக் கையோட விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அடப் பாவி! அப்புறம்?"

"அப்புறம் என்னங்க... எல்லாரும் துரத்துனாங்க. நாயனத்தை எடுத்துக்கிட்டுப் போய்ட்டாரு. படம் முடிஞ்சுது."

அவரு சிரிப்பை நிறுத்திட்டாரு. காலித் தூக்கைப் பார்த்துட்டு, "ஏன் கண்ணு, அவன் சாப்புட்டானா?"ன்னு கேட்டாரு.

எங்கம்மா பட்ட அதே கவலை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. அவரு தூக்கைக் கழுவிக் கையில குடுத்தாரு.

பாப்பாத்தியக்கா, படம் நல்லா இருக்குதான்னு கேட்டீங்களே... சிரிக்கலாமுங்க்கா, தப்பில்லை. ஆனா அந்தப் பந்தியில ஒரு எலை கொறையுது.