எட்டு வீட்டுக்கு ஒரு கூரை

நெட்டி கெடிஸுக்கு அறுபத்தொரு வயதில் சொந்த வீடு வந்தது. வந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீடு ஒன்றும் புதிதில்லை. கிளாஸ்கோவின் கிழக்கே, சிவப்புக் கல் கட்டடம் ஒன்றின் உச்சி மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பல வருஷமாக அதே வீட்டில் வாடகைக்கு இருந்தவள்தான். அதே சுவர், அதே ஒழுகும் குழாய். ஆனாலும் பத்திரம் பதிவான மறுநாள் காலையில், "என் குழாய் ஒழுகுது பாரு, என் சொந்தக் குழாய்!" என்று கூண்டுக்கிளியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அவள் பஸ் ஓட்டியவள். ஊரில் பாதிப் பேரைக் குடிபோதையில் பார்த்தவள், மீதிப் பேரை டிக்கெட் இல்லாமல் பார்த்தவள். அவள் வாய்க்குப் பயந்து சண்டைக்காரர்கள் தாங்களாகவே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை அப்படியே வீட்டில் போட்டுவிட்டாள். இனி அந்த வீடு போனால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

அதனால்தான் காப்பீடு என்ற பேச்சு வந்தபோது அவ்வளவு வேகம். மற்றவர்களுக்கு அது தலைவலி. நெட்டிக்கு அது கல்யாண வேலை. அறை அறையாக நடந்து, "இந்த சோபா, இந்த அக்கார்டியன், இந்தத் திரை" என்று சாமான்களைப் புதிதாகப் பார்த்தாள். கிளியையும் வீட்டுச் சாமான்களோடு சேர்க்க முடியுமா என்று ஒரு கம்பெனியில் கேட்டாள். முடியாதாம். அவளுக்கு அதில் மனவருத்தம்தான்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்க அவளிடம் தனி வழி இருந்தது. பாலிசி விற்கிற நம்பரை அவள் தொடவே இல்லை. "விக்கிறவன் முதல் மணியிலேயே எடுத்துருவான். கூரை தலையில விழுந்தா எவன் எடுக்கிறான்னு பாக்கணும்" என்று, இழப்பைச் சொல்லும் நம்பருக்கே நேராகப் போன் போட்டாள். லண்டன் கம்பெனிப் பையன் எடுத்தான். எட்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு என்றதும், "படிக்கட்டு எந்த வீட்டுக்குள்ளே மேடம் இருக்கு?" என்றான். அவனை அங்கேயே தலைமுழுகினாள். இரண்டாவது கம்பெனி காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது. உருளைக்கிழங்கு முழுவதும் உரித்து முடித்தும் பாட்டு நிற்கவில்லை. மூன்றாவது இடத்தில் மோர்வென் என்ற பெண் எடுத்தாள். சின்ன கம்பெனி, எல்லாவற்றுக்கும் அவள்தான். அவள் எடுத்த எடுப்பில், "உச்சி மாடியா? ஐயோ, போன காத்துல ஓடு ஏதும் போகலையே?" என்றாள். நெட்டிக்கு அந்த இடத்திலேயே மனசு குளிர்ந்துவிட்டது.

ஆனால் மோர்வென் ஒரு குண்டைப் போட்டாள். "உங்க வீட்டுக்கு மட்டும் எடுத்து என்னங்க பிரயோஜனம்? மொத்தக் கட்டடமும் எரிஞ்சுபோனா, கீழ் வீட்டுக்காரங்க கட்டாம உங்களுக்கு மட்டும் ஆகாயத்துல உச்சி மாடி கட்ட முடியுமா? எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே பாலிசியா எடுங்க. அஞ்சு வீடு சரின்னாலே போதும், மிச்சப் பேரையும் அது கட்டுப்படுத்தும்."

நெட்டி படியிறங்கினாள். இரண்டாம் மாடி ருக்சானா மருந்துக்கடை வைத்திருப்பவள், கெட்டிக்காரி. உடனே சரி என்றாள். இன்னும் இரண்டு வீடு சேர்ந்தது, நெட்டியோடு நாலு. மூன்று வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட்டுவிட்டு ஸ்பெயினில் வெயில் காய்கிறார்கள், போன் எடுப்பதில்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள். தரைவீட்டு ஆர்ச்சி மல்ஹாலண்ட்.

ஆர்ச்சி கப்பல்கட்டும் துறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நல்லவர்தான், ஆனால் வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவரை அசைக்க கிரேன் வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் படிக்கட்டிலேயே கூட்டம் போட்டார்கள். ருக்சானா சமோசா கொண்டுவந்தாள். நெட்டி ஒரு பெரிய கெண்டியில் டீ கொண்டுவந்தாள். ஆர்ச்சி வெறுங்கையோடு, வீட்டுச் செருப்போடு வந்து கீழ்ப்படியில் நின்றார்.

"சீக்கிரம் முடிங்க. மூணு மணிக்கு மேட்ச் இருக்கு."

"ஒரே வார்த்தை ஆர்ச்சி. சரின்னு சொல்லிட்டுப் போய்யா" என்றாள் நெட்டி.

"நான் எதுக்கு சரின்னு சொல்லணும்? கூரை உன் தலைக்கு மேல இருக்கு. மழை வந்தா நீ நனைவ. நான் பாட்டுக்குக் கீழ டிவி பாப்பேன்."

"பெருசு, நீங்களும் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்தானே?" என்றாள் ருக்சானா.

"வீடு எனக்குச் சொந்தம். கூரையும் வெளிச்சுவரும் கார்ப்பரேஷனைச் சேர்ந்தது. அவங்க பாத்துப்பாங்க. எங்கப்பா காலத்திலேருந்து அவங்கதான் பாக்கிறாங்க."

அந்த ஊரில் அந்த வயதுக்காரர்களில் எத்தனையோ பேர் செய்த தப்புதான் இது. மாநகராட்சியிடமிருந்து வாடகை வீட்டை விலைக்கு வாங்கினார்கள், கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், ஆனால் மனசுக்குள் வாடகைக்காரர்களாகவே இருந்துவிட்டார்கள்.

"யோவ், நீ வாங்கின அன்னைக்கே கார்ப்பரேஷன் கையைக் கழுவிடுச்சுய்யா!" என்று நெட்டி கத்தினாள். "இத்தனை வருஷமா உன் வீட்டுக்கு ஒரு காப்பும் இல்ல. நீ இருக்கிறது சும்மா நாலு கல்லுக்கு நடுவுல!"

"வாயை மூடு. எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? சரி, எந்தக் கம்பெனி?"

"எடின்பரோ."

"எடின்பரோவா?" ஆர்ச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அந்த மூக்கு நீண்ட ஊர்க்காரனுங்களுக்கா என் காசு? டீ குடிச்சீங்களான்னு கேக்காம, குடிச்சுட்டுத்தானே வந்திருப்பீங்கன்னு சொல்ற பயலுங்களுக்கா?"

கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் எப்போதும் ஆகாது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நெட்டிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒரே ஒரு 'சரி'. அதைக்கூட இந்த மனுஷன் தரமாட்டேன் என்கிறாரே!

அப்போதுதான் ருக்சானா மூக்கைச் சுளித்தாள். "ஏதோ கருகுதே? என் சமோசா இல்ல."

ஆர்ச்சியின் முகம் செத்துப்போனது. "என் கிழங்கு!"

மாட்டுக் கொழுப்பை ஆழச் சட்டியில் காய்ச்சிக் கிழங்கு பொரிப்பது அந்தத் தலைமுறையின் சனிக்கிழமை வழக்கம். அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் மனிதர் சண்டைபோட வந்திருக்கிறார்.

நெட்டி எல்லாரையும் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். சட்டியில் தீ ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. ஜன்னல் திரையின் நுனி பற்றிக்கொண்டிருந்தது. ஆர்ச்சி ஒரு குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"தண்ணி ஊத்தாதே! ஊத்தினா எல்லாரும் சாம்பல்!" என்று அவள் போட்ட கூச்சலில் அவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ் டிப்போவில் வருஷாவருஷம் கொடுத்த பயிற்சி அவள் கைகளில் இருந்தது. கேஸை மூடினாள். துண்டை நனைத்து, ஒட்டப் பிழிந்து, சட்டியின் மேல் முன்பக்கமிருந்து மெல்லப் போர்த்தினாள். திரையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். புகை மட்டும் படிக்கட்டு வழியாக மேலே மேலே ஏறிப்போயிற்று, உச்சி மாடிவரை. அதை ஆர்ச்சி கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ருக்சானா அவர் கையில் டீயைத் திணித்தாள்.

"கெழவி, போன் போடு. எடின்பரோவோ எமலோகமோ, போடு. நான் சரி" என்றார்.

விவரமெல்லாம் முன்பே கொடுத்தாயிற்று, கடைசிக் கேள்விகள்தான் பாக்கி. போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். மோர்வென் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நெட்டி பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

"கடைசியா ஒண்ணு. போன அஞ்சு வருஷத்துல அந்தக் கட்டடத்துல தீ விபத்து ஏதாவது நடந்திருக்குங்களா?"

புகை இன்னும் படிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு நல்ல கம்பெனியும் கதவைச் சாத்திவிடும். மறைத்தால் பாலிசி இன்றே கையில். 'இல்லை' என்று சொல்ல நாக்கு துடித்ததை அவளே உணர்ந்தாள். ருக்சானா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம், பொய் வேண்டாம் என்று.

ஆர்ச்சி எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தார்.

"இந்தாம்மா, நான் தரைவீட்டு ஆர்ச்சி. நடந்துச்சு."

"எப்பங்க?"

"இப்பத்தான். டீ இன்னும் ஆறல."

"அணைஞ்சிடுச்சுங்களா?"

"உச்சி மாடிக்காரி வந்து அணைச்சா. தப்பு என்னோடது. அடுப்புல சட்டியை வெச்சிட்டு வாய்ச்சண்டைக்குப் போனேன். ஒரு திரை போச்சு, சுவர் கறுத்துச்சு. அதுக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனா என் முட்டாள்தனத்துக்கு அவளை வெளியே நிறுத்திடாதே. அவ வாழ்நாள் பூரா பஸ் ஓட்டிச் சேத்த வீடும்மா அது."

நெட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மோர்வென் தன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். பாட்டு எதுவும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி வந்தாள்.

"ஐயா, அந்தச் சட்டி இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"தூக்கிப் போட்டுருவீங்களா? அது ஒண்ணுதான் எங்க நிபந்தனை."

ஆர்ச்சி கண்ணை மூடித் திறந்தார். "போட்டுர்றேன். சத்தியமா."

"அப்ப சரிங்க. இன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணியிலேருந்து எட்டு வீட்டுக்கும் காப்பு உண்டு."

ருக்சானா வீறிட்டு நெட்டியைக் கட்டிக்கொண்டாள். சமோசாத் தட்டு படியில் உருண்டது. ஆர்ச்சி மட்டும் போனை விடவில்லை. "ராத்திரி பன்னண்டா? அதுவரைக்கும் என்னம்மா பண்றது?"

"அதுவரைக்கும் நீங்க அடுப்புப் பக்கம் போகாம இருந்தாலே போதுங்க" என்றாள் மோர்வென்.

அந்தச் சாயங்காலம் அந்தப் படிக்கட்டில் ஒருவர்கூட ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. மேட்ச் முடிந்ததும் எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் பொரித்த கிழங்கு விற்கும் கடையில் கும்பலாகப் போய் நின்றார்கள். கடைக்காரன் அசந்துபோய், "என்ன விசேஷம்? குடும்பத்தோட வந்திருக்கீங்க?" என்றான்.

"எங்க கூரைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம்" என்றார் ஆர்ச்சி, பெருமை தாங்காமல். "இத்தனை நாளா ஒருத்தனுக்கும் தோணல பாரு. கடைசியில நானே போன்ல பேசி முடிச்சேன்."

ருக்சானா நெட்டியைப் பார்த்தாள். பஸ்ஸில் ஒரு ஆளையும் சும்மா விட்டறியாத நெட்டி, வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, அவர் பொட்டலத்திலும் சேர்த்து வினிகர் ஊற்றச் சொன்னாள்.