‘தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்’

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த ஆள் பிழைத்தாரா, செத்தாரா என்று வீடு தேடிப் போய் விசாரிக்கிறவளுக்கு எங்கேயும் காப்பி கிடைக்காது; காப்பி விளைகிற மலையிலும் அப்படித்தான்.

நர்ஸ் உத்தியோகம் பார்த்த சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளைச் சேலையோடு மலையேறி அட்டைக்கடி வாங்கியவர்கள், மேலதிகாரி கத்தும்போது வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பதில் சொன்னவர்கள் எல்லோரும் என் கட்சி. நான் மட்டும் ஒருமுறை மனசுக்குள் சொல்லாமல் வெளியிலேயே சொல்லிவிட்டேன். அந்தக் கதைதான் இது.

அறுபதுகளின் தொடக்கம். நான் கன்னிவாடிக்காரி. பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. அங்கிருந்து மேலே போகிற ஜீப் பாதை, தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் களத்தோடு முடிந்துவிடும். அதற்கும் மேலே இருக்கிற ஊர்க்காரர்கள், மூங்கில் கழியில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி, நோயாளியைப் படுக்க வைத்து, செங்குத்தான இறக்கத்தில் அந்தக் களத்துக்குத் தூக்கிவருவார்கள். அதற்கு டோலி என்று பேர். களத்தில் எங்கள் ஜீப் காத்து நிற்கும். அந்த ஜீப்பைத்தான் எங்கள் மேலதிகாரி பிடுங்கப் பார்த்தார். மலைக்காரர்கள் எப்படியும் கடைசி நேரத்தில்தான் வருகிறார்கள், எப்படியும் செத்துப்போகிறார்கள், வண்டி எதற்கு, டவுன் ஆபீசுக்கு வரட்டும் என்றார். எங்கள் டாக்டரம்மா மசியவில்லை. அவசரமாக வந்தவர்களில் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, ஏன் என்று ஆராய்ந்து காட்டுகிறேன், அதுவரை வண்டியில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆராய்ச்சி அவருடையது. நடை என்னுடையது.

பூண்டு உரித்த பிரேதம்

முதலில் போனது, பலாமரத்திலிருந்து விழுந்த முத்தையா என்பவர் வீட்டுக்கு. இனி பிழைக்கமாட்டார் என்று நாங்கள் கைவிரித்த பிறகு, சொந்தக்காரர்கள் அவரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஏற்றம் முழுக்க நான் துக்கம் விசாரிக்கிற முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். வாசலில் ஒருவர் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “முத்தையா சம்சாரத்தப் பாக்கணும். அவர் காலமானதப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்” என்றேன். அவர் நிதானமாக உள்ளே திரும்பி, “ஏ புள்ள, நான் செத்ததப் பத்திக் கேக்க வந்திருக்காங்க, வெரசா வா” என்று குரல் கொடுத்தார்.

செத்தவர் கணக்கில் நாங்கள் சேர்த்த ஆள் முழுசாக எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வண்டி வேண்டாம் என்று சொல்ல அதிகாரிக்கு என்ன யோக்கியதை? பிழைத்ததாக இன்றே மாற்றிவிடுகிறேன் என்று முத்தையாவுக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் பதறிப்போனார். “செத்ததாவே கெடக்கட்டும் சிஸ்டர். மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போகாம இருக்க எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல?”

யார் தாமதம்?

எல்லாரும் முத்தையா இல்லை. பொன்னுத்தாயி தன் பூண்டு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சின்னத்தம்பி நெஞ்சடைத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் இறந்தவர். அவர் பேருக்கு எதிரே ‘தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்’ என்று எழுதியிருந்தோம். எங்களிடம் செத்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே காரணம்தான், ரப்பர் முத்திரை குத்தினதுபோல. ஏன் முன்னாலேயே கிளம்பவில்லை என்று நான் கேட்டேன். அவள் நிமிராமலே பதில் சொன்னாள்.

திரும்பி வந்து, அன்றைக்கு வண்டி எங்கே போயிருந்தது என்று எங்கள் டிரைவர் சவரிமுத்துவைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: அன்றைக்கு ஜீப் களத்தில் இல்லை. அதிகாரியின் மாமனார் வீட்டாரைக் கொடைக்கானலுக்கு ஏரி பார்க்க அழைத்துக்கொண்டு போயிருந்தது. படகு ஓட்டிவிட்டு, பேரிக்காய் வாங்கிக்கொண்டு, அவர்கள் இறங்கிவரப் பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாசகத்தை இனி என் கையால் எழுதுவதில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். “எழுதாதே” என்றார் அவரும். களையெடுத்தபடியே பொன்னுத்தாயி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “நாங்க வெள்ளனே கெளம்பி வெள்ளனே வந்துட்டோம் தாயி. களத்துல வெயில்ல கெடந்தோம். ஒங்க வண்டிதான் வரல. இதுல யாரு லேட்டு?”

தலை முன்னே

நடக்க நடக்க ஒரு விஷயம் இடித்தது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி வந்த பெண்களில், எட்டாத தூரத்து மேல் ஊர்க்காரிகள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள். களத்துக்குப் பக்கத்திலேயே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருந்து, ஒழுங்கான ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் அவ்வளவாகப் பிழைக்கவில்லை. மூச்சு முட்டி வந்தவர்கள் விஷயத்தில் இது அப்படியே தலைகீழாக இருந்தது. மேல் ஊர்க்காரர்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. டாக்டரம்மாவும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

ஒருநாள் டோலி ஒன்றின் பின்னாலேயே இறங்கினேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. நோயாளியின் தலை முன்பக்கம், அதாவது பள்ளத்தைப் பார்த்து இருந்தது. கால் மேட்டில். தோட்டத்து ஆட்கள் கால் முன்னே வருகிறமாதிரிதான் தூக்குவார்கள். டோலி தூக்குகிறவர்களில் மூத்தவர் பெரியகருப்பன். ஏன் இப்படி என்று அவரைக் கேட்டேன். “கால முன்னால விட்டுத் தூக்குறது சுடுகாட்டுக்குத் தாயி. உசுரோட இருக்கவளை அப்படித் தூக்க நாங்க என்ன கூறு கெட்டவங்களா?” என்று என்னை முறைத்தார்.

இதைக் கேட்டதும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ரத்தம் போனவளுக்குத் தலை தாழ்ந்திருந்தால், மிச்சமிருக்கிற ரத்தமாவது மூளைக்குப் போகும். நெஞ்சு பலவீனமாகி மூச்சு முட்டுகிறவனை அப்படிக் கிடத்தினால், தண்ணீரில் அமுக்கினதுபோலத் திணறுவான். “பாதிப் பேரக் காப்பாத்தியிருக்காங்க, பாதிப் பேரத் திணறடிச்சிருக்காங்க, ரெண்டுமே தெரியாம! அதப் பாக்காம நாம என்ன எழுதினோம்? தாமதம், தாமதம், தாமதம்!”

பெரியகருப்பன் கேட்டது

இதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் நான். ரத்தம் போனால் எப்போதும்போலத் தூக்குங்கள், மூச்சு முட்டினால் மட்டும் படுக்க வைக்காதீர்கள் என்று டோலி ஆட்களிடம் சொன்னேன். காலை முன்னே விடுவதா, நடக்காது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கால் வேண்டாம், நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குங்கள் என்றேன். இளவட்டம் ஒருவன் சிரித்தான். “ஏலே, சும்மா இருலே” என்று பெரியகருப்பன் அவனை அடக்கினார். அவர் முகம் சரியில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே, “அப்ப சின்னத்தம்பிய நாங்கதான் கொன்னுட்டமா தாயி?” என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. அப்படிக் கிடத்தியது அவருக்கு ஆகவில்லைதான், ஆனால் அது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்றேன். வண்டி வந்திருந்தால் வெயிலில் கிடந்த நேரத்துக்குள் அவரை டாக்டரம்மாவிடம் சேர்த்திருக்கலாம் என்றும் சொன்னேன். பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “இனிமே மூச்சு முட்டுறவன உக்கார வெச்சே தூக்குறோம். எங்க சோலிய நாங்க மாத்திக்கிறோம். ஆனா வண்டி நிக்கணும். அது ஒங்க சோலி.”

சப்பரம்

வார்த்தையைக் காப்பாற்றினார்கள். மூச்சிரைப்போடு வந்த முதல் கிழவரை, ஊரில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, கழி கட்டித் தூக்கிவந்தார்கள். வழியில் அவர் திணறவில்லை என்பது மட்டுமல்ல, பாதை தப்பு, கால் தப்பு என்று ஆட்களை அதட்டிக்கொண்டே வந்தாராம். ஜீப்பிலும் உட்கார்ந்தே வந்து, ஊசி போட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்தவர் என்னை அதிகாரமாகக் கூப்பிட்டார். “சப்பரத்துல சாமி மாதிரி வந்து எறங்கியிருக்கேன், சந்தனம் எங்கம்மா?”

அடுத்த வண்டி

ஆராய்ச்சி முடிந்து அதிகாரி கைக்குப் போனது. நர்ஸ் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்ததெல்லாம் ஊர்வம்பு என்று ஒதுக்கிவிட்டு, வண்டியை எடுத்துப்போக நேரிலேயே வந்துவிட்டார். களத்துக் கொட்டகையில் இருந்த மருந்துச் சாமான்களை ஒப்படைக்க என்னையும் ஏற்றிக்கொண்டு, அதே ஜீப்பில் மலையேறினார். மலையில் எனக்குக் கிடைக்காத காப்பி, தோட்டத்துக் கணக்கர் வீட்டில் அவருக்குக் கிடைத்தது. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து டோலி இறங்கியது. உள்ளே ராக்கம்மா. காலையில் பிரசவம் ஆகி, ரத்தம் நிற்கவில்லை. தலை முன்னே. உதடு வெளுத்திருந்தது, ஆனால் கூப்பிட்டதும் கண் திறந்தாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. தலையைத் தாழ்த்தி ஜீப்பில் கிடத்தி, காலுக்குக் கீழே ஒரு காப்பிக்கொட்டை மூட்டையை வைத்தோம். அவள் அக்கா பச்சைப்பிள்ளையோடு முன்னால் ஏறிக்கொண்டாள். தம்ளரும் கையுமாக அதிகாரி ஓடிவந்தார். “யாரைக் கேட்டு எடுக்கறே? எனக்கு டவுன்ல மீட்டிங் இருக்கு. இவளை எப்படியும் லேட்டாத்தானே கொண்டு வந்திருக்காங்க!” அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது. “இந்த வண்டி இவளுக்கு நிக்கற வண்டி சார். நீங்க அடுத்த வண்டியில வாங்க” என்றேன். அந்த மலையில் அடுத்த வண்டி என்று ஒன்று கிடையாது. சவரிமுத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிவிட்டார்.

டாக்டரம்மா தயாராக இருந்தார். ரத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் ராக்கம்மா தெளிவாகப் பேசினாள், என்ன பிள்ளை என்று கேட்டாள். பெண் என்றதும், “அக்காட்ட இருக்காளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை போகப்போகிறது என்று அழவில்லை. பொன்னுத்தாயியை நினைத்துத்தான் அழுதேன்.

ராக்கம்மாவைப் பார்ப்பதற்காகக் காலி டோலியோடு பெரியகருப்பனும் ஆட்களும் கீழே நடந்து வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி அதிகாரி. “தலைய முன்னால வெச்சே தூக்கியாறோம், படுங்க ஐயான்னு எம்புட்டோ சொன்னோம், கேக்கல” என்று பெரியகருப்பன் வருத்தப்பட்டார். டாக்டரம்மா அதிகாரியை ராக்கம்மாவின் கட்டிலுக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். அவர் தாயையும் பிள்ளையையும் பார்த்தார், பிறகு கால் வைக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். மறுநாள் பஸ்ஸில் போனவர் வண்டியைக் கேட்டு அப்புறம் வரவே இல்லை. ஆனால் அவர் வாசலில் நுழைந்த அந்த நேரத்தில், ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சவரிமுத்து எல்லாருக்கும் கேட்கிறமாதிரியே சொன்னார்: “சிஸ்டர், ஐயாவத் தாமதமாக் கொண்டுவந்திருக்காங்க, எழுதிக்கங்க!”

இதற்கெல்லாம் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. அது மேஜையிலேயே கிடந்தது, ஏனென்றால் அது வந்து சேர்ந்த நேரத்தில் நானும் ஜீப்பும் களத்தில் அடுத்த டோலிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.