எங்களைத் தேடி ஏறியவர்கள்

இங்கிலாந்தின் மலைகளைப் பற்றிப் பேசினால் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் ஏறப்போகும் மலையின் உயரத்தைக் கேட்டுவிட்டு, "நுவரெலியா பஸ் ஸ்டாண்ட் இதைவிட உயரம்" என்றார் என் கணவர். அது உண்மைதான். ஆனால் நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நிலம் கண்ணாடியாக உறைவதில்லை. காற்று ஆளைத் தூக்கி ஓரடி தள்ளி வைப்பதில்லை. வடக்கே ஏரிகளைச் சுற்றி நிற்கும் அந்த மலைகள் கோடையில் பிள்ளைகளோடு ஏறக்கூடியவை. பனிக்காலத்தில் அவை வேறு மலைகள்.

நான் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிறேன். மலை நடை வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கூட வேலை செய்யும் பெண்களோடு கோடையில் போகத் தொடங்கினேன். பிறகு பனியிலும் நடக்க ஆசை வந்து, ஸ்கொட்லாந்தில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே சரிவில் வேண்டுமென்றே விழச் சொன்னார்கள். வழுக்கிப் போகும்போது கையிலுள்ள பனிக்கோடரியை நெஞ்சோடு அணைத்து, அலகைப் பனிக்குள் குத்தி, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு நிற்க வேண்டும். பிறகு தலைகீழாக விழச் சொன்னார்கள். மாலையில் உடம்பில் நோகாத இடம் இல்லை. அப்படிச் சந்தோசமாக நான் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கணவர் பிளம்பர். பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பிளேஸ்டோவில் எங்கள் வீடு. கிழமை முழுக்க அடுத்தவர் வீட்டுக் குளிர்ந்த தண்ணீருக்குள் கை விட்டிருக்கும் மனிதருக்கு, லீவிலும் ஒருத்தி குளிரைத் தேடிப் போவது விளங்கவில்லை. ஆனால் நான் அவரில்லாமல் போவது அதைவிடப் பிடிக்கவில்லை.

"நீர் அங்க மேல நிக்க, நான் இஞ்ச போனைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. நானும் வாறன்" என்றார்.

அது பெப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் மாலை மலை வானிலையைப் பார்த்திருந்தேன். காற்று குறைவு, மேலே வெயில், பள்ளத்தாக்கில் மேகம். காலையில் அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆபத்தில்லாத ஒரு சின்னச் சரிவில், கோடரியால் நிற்பதை அவருக்குப் பழக்கினேன். சப்பாத்துக்கு அடியில் கட்டும் இரும்புப் பற்களையும் கட்டிக் காட்டினேன். அவர் மூன்று தரம் விழுந்து எழும்பினார். நான்காம் தரம் விழச் சொன்னதற்கு, "காணும், விளங்கீட்டுது" என்றார். பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது, நிலம் சரியில்லை என்று யார் சொன்னாலும் திரும்புவது என்று பேசிக்கொண்டுதான் ஏறினோம்.

மேகத்துக்குள் நெடுநேரம் நடந்தோம். முன்னால் போகும் என் கோடரியின் நுனிகூடச் சரியாகத் தெரியவில்லை. பிறகு வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் நீலமாகி, தலை வெளியே வந்தது. இரண்டு மூன்று அடி எடுத்து வைக்க முழு உடம்பும் வெயிலுக்குள் வந்துவிட்டது.

கீழே ஊர் இல்லை, ஏரி இல்லை, றோட்டு இல்லை. எட்டுத் திக்கும் ஒரே வெண்கடல். அதில் தீவுகள் போல மற்ற மலைகளின் தலைகள் மட்டும் நின்றன. பாறைகளில் காற்று வந்த பக்கமாகப் பனி இறகு இறகாக வளர்ந்திருந்தது. கையுறையால் தொட்டதும் ஒலியில்லாமல் உதிர்ந்தது. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ நின்றது. எங்கள் நிழல்கள் கீழே மேகத்தில் விழுந்திருந்தன, இராட்சதர்களைப் போல நீண்டு. நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம்.

"என்ட தலையைச் சுத்தி வளையம் தெரியுது" என்றார் கணவர்.

"இல்லை, என்ட தலையைச் சுத்தியெல்லோ."

இருவரும் சொன்னது சரிதான். அந்த வட்டம் ஒவ்வொருவருக்கும் அவரவர் நிழலில் மட்டுமே தெரியுமாம். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், மறந்துவிட்டேன். அவர் கையைத் தூக்கினார். மேகத்தில் அந்தப் பெரிய உருவமும் கையைத் தூக்கியது. அவர் கையை இறக்கவேயில்லை, கோயிலில் கும்பிட நிற்பவர் போல நின்றார்.

உச்சிக்குக் கிட்டப் போனபோது நிலம் மாறியது. மேல்பனியைக் காற்று வழித்துக்கொண்டு போயிருக்க, கீழே நீலம் பாரித்த கட்டி ஐஸ் கிடந்தது. கோடரியால் தட்டினேன். கல்லில் தட்டிய சத்தம் வந்தது.

"திரும்புவம்" என்றேன்.

"அந்தா தெரியுது உச்சி. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"உச்சி தெரியுது. அதுக்கு முன்னால கிடக்கிற ஐஸும் தெரியுதெல்லே?"

"நீர் பயப்பிடுறீர்."

"ஓம், பயப்பிடுறன்."

குளிரைத் தேடிப் போவது விளங்காத மனிதர் இப்போது திரும்பமாட்டேன் என்று நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. ஒருவர் சொன்னாலே போதும் என்று பேசி வைத்தோமே என்றேன். அவர் உச்சியை ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பி எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார்.

கடினமான இடங்களையெல்லாம் தாண்டிவிட்டோம். பனி மெத்தென்றிருந்த ஒரு சாதாரணச் சரிவில்தான் அது நடந்தது. ஒரு காலின் இரும்புப் பல் மற்றக் காலின் காற்சட்டை விளிம்பில் கொளுவியது. அவர் ஒரு சத்தமும் போடாமல் முகங்குப்புற விழுந்தார். விழுந்தவர் போய்க்கொண்டே இருந்தார். கோடரியை நெஞ்சுக்குக் கீழ் கொண்டுவந்ததையும், பனி இரண்டு பக்கமும் விசிறியடித்ததையும் கண்டேன். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பாறைகளில் கால் மோதித்தான் நின்றார். அந்தப் பாறைகளுக்கு அப்பால் சரிவு மேகத்துக்குள் செங்குத்தாக இறங்கியது.

ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஓடக்கூடாது என்பதைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் விழுந்தால் முதல் வேலை இரண்டாமவர் விழாமல் இருப்பது. பனியை நோக்கித் திரும்பி, ஒரு கால், பிறகு கோடரி, பிறகு மற்றக் கால் என்று இறங்கினேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் புருசன் அடிபட்டுக் கிடக்க, அவ்வளவு மெதுவாக நடப்பதைப் போல என் வாழ்க்கையில் வேறொன்றும் கடினமாக இருந்ததில்லை.

முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தினமும் இப்படிப்பட்ட எலும்புகளைப் படமாகப் பார்க்கிறவள் நான். படத்தில் முகம் தெரியாது.

"அசையாதேங்கோ. தலை அடிபட்டதோ?"

"இல்லை. கால்தான். முறிஞ்சு போச்சு, என்ன?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

முதுகுப்பையில் கொண்டுவந்த பாயை அவருக்கு அடியில் தள்ளி, இருந்த உடுப்பெல்லாம் போட்டு, ஆள் நுழையக்கூடிய பெரிய செம்மஞ்சள் குளிர்காப்புப் பைக்குள் அவரை நுழைத்தேன். போனில் சிக்னல் இல்லை. மேலே, மலை முதுகின் வரம்பில், சிக்னல் இருந்தது எனக்குத் தெரியும். அவரைத் தனியே விட்டுப் போக வேண்டும்.

"நீர் போம். நான் எங்க ஓடப்போறன்" என்றார்.

வரம்பில் நின்று அவசர எண்ணுக்கு அடித்து, மீட்பை ஏற்பாடு செய்யும் பொலிஸைக் கேட்டு, மலை மீட்புக்குழு வேண்டும் என்றேன். மறுமுனையில் அவசரப்படாத ஒரு குரல் இடத்தைக் கேட்டது, காயத்தைக் கேட்டது, எங்களிடம் என்ன உடுப்பு இருக்கிறது என்று கேட்டது. ஆட்கள் வருவார்கள், அவரோடு போய் இருங்கள் என்றது.

திரும்பி வந்து பையோடு அவரை அணைத்துக்கொண்டு இருந்தேன். இடையிடையே, ஆபத்துக்கான அடையாளமாக, விசிலை ஆறு தரம் ஊதினேன். மேகம் கீழேயிருந்து ஏறி எங்களை மூடியது. தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி வந்தது. மேகத்துக்குள் இறங்க முடியாமல் போய்விட்டது.

கணவர் சிரித்தார், பல்லெல்லாம் அடித்துக்கொள்ள. "சின்னனில ஹெலிச் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ள பாஞ்சு ஒளிக்கிற ஆள் நான். இண்டைக்கு அது என்னைக் காணாமப் போகுதெண்டு கவலைப்படுறன்."

சிறிது நேரம் கழித்துக் கேட்டார், "ஞாயிற்றுக்கிழமை, இந்தக் குளிருக்குள்ள ஆர் வரப்போகினம்?"

நான் விசிலை எடுத்து மறுபடி ஊதினேன்.

வெளிச்சம் மங்கும் நேரம் மேகத்துக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சரிவெல்லாம் விளக்குகள், கீழேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. முதலில் வந்தவர் நரைத்த முடியுள்ள ஓர் ஆங்கிலேயப் பெண், என்னைவிட வயதில் மூத்தவர். முழந்தாளிட்டு, கையுறையைக் கழற்றி, என் கணவரின் கழுத்தில் விரலை வைத்தார். "மன்னிக்கவும், கை குளிரும்" என்றார். மலை ஏறி வந்தவர் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

இருபது பேர் வரை வந்திருந்தார்கள். ஒருவர் ஆட்டுப் பண்ணைக்காரர். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. ஒருவர் மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டும் முன் புறப்பட்டு வந்திருந்தார். யாருக்கும் இது வேலை இல்லை, எல்லாரும் தாமாக வந்தவர்கள். ஊசி போட்டு, காலைக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, கயிறுகளில் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். கயிறு இனித் தேவையில்லை என்ற இடத்திலிருந்து மாறி மாறித் தூக்கினார்கள். ஓரிடத்தில் ஓடையை மூடியிருந்த பனி உடைந்து ஒருவரின் கால் தொடை வரை உள்ளே போனது. அவர் பக்கத்துப் பாரத்தை இரண்டு கைகள் உடனே வாங்கிக்கொண்டன. ஸ்ட்ரெச்சர் சரியவேயில்லை. அவர் காலை இழுத்துக்கொண்டு எழும்பி, மறுபடி வந்து பிடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இரண்டு பேரின் ஒரு நாள் ஆசைக்குப் பின்னால் இத்தனை வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர், என் கணவர் இருக்க ஏலாது என்று சொன்னாரே, அப்படிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சொறி, சொறி என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டறிந்திருந்த நரைமுடிப் பெண் அவர் தலைமாட்டில் நடந்துவந்தார்.

"நீங்கள் ஐஸைக் கண்டு திரும்பினீர்கள். அது சரி. சரியாகத் திரும்புகிறவர்களும் விழுவார்கள்" என்றார். "போன வருடம் என்னையே இவர்கள்தான் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டதும் நான் வழிமுழுக்கப் பாடினேனாம். நீங்கள் பரவாயில்லை."

காலுக்குள் தகடும் ஆணிகளும் வைத்தார்கள். பிளேஸ்டோ வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிங்ஸ்பரியிலிருந்து மச்சாள், கணவரின் தமக்கை, வந்தார். தம்பியின் காலைப் பார்த்து அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஷெல்லுக்கும் கடலுக்கும் தப்பி வந்தனீங்கள். ஆரும் துரத்தாமல், சும்மா கிடந்த மலையில போய்ச் சாகப் பாத்தனீங்களோ?"

அது நியாயமான கேள்வி. கணவர்தான் சொன்னார்.

"அக்கா, அங்க நாங்கள் விழேக்க ஆரும் வரேல்லை. வர ஏலாது. இஞ்ச என்னை முன்னப்பின்னத் தெரியாத சனம் வந்தது. அதை நான் கண்டன்."

"அதைக் காணுறதுக்குக் கால் முறிய வேணுமோ?"

"வேண்டாம்தான்" என்றார் அவர். மச்சாள் மூக்கைத் துடைத்துவிட்டுச் சோறு போட எழும்பினார்.

அடுத்த பனிக்காலம் வந்தபோது, மலைக்குப் போவோமா என்று கேட்டவர் கணவர். தயங்கியவள் நான். விளக்குகள் ஏறி வந்த அந்தச் சரிவு கண்ணை மூடினால் தெரியும். இன்னொருதரம் அந்த மீட்புக்குழுவை மலை ஏற வைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது. பள்ளத்தாக்கில் மட்டும் நடப்பது, அதன் பிறகு பார்ப்பது என்று முடிவெடுத்தோம். மரக்கறியிலும் ஆட்டிறைச்சியிலும் ரோல்ஸ் செய்து, பெரிய தட்டுகளில் அடுக்கிக்கொண்டு மீட்புக்குழுவின் நிலையத்துக்குப் போனோம்.

அங்கே ஒரே ஒருவர் ரேடியோவுக்கு முன்னால் இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் மேலே என்றார். யாரோ ஒருவரைக் காலையிலிருந்து காணவில்லையாம். தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் இருந்தோம். வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தது. மலை தெரியவில்லை. ரேடியோவில் குரல்கள் வந்து போயின. கணவர் முறிந்த காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் திரும்பி வந்தார்கள், சொட்டச் சொட்ட நனைந்து. காணாமல் போனவர் வேறு வழியால் இறங்கி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்தாராம். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. நல்லது, சுகமாக இருக்கிறார் என்றார்கள். ஈர உடுப்புகளைத் தொங்கவிட்டார்கள்.

நரைமுடிப் பெண் மேசைக்கு வந்து ஒரு ரோலைக் கடித்தார். என் கணவர் தன்னை யாரென்று சொல்லத் தொடங்கினார். அவர் மென்றுகொண்டே யோசித்தார்.

"முகம் நினைவில்லை. எந்தக் கால்?"

"இடது."

"ஓ, அந்தப் பாறைகள்" என்றார் அவர். அவருடைய கண்கள் விரிந்தன. "அங்கே நின்றது உங்கள் அதிர்ஷ்டம். நடக்கிறதா? நடந்து காட்டுங்கள்."

கணவர் எழும்பி ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். ஈரத் தலைகளோடு, கையில் ரோல்ஸோடு, அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் நடப்பதைப் பார்த்தார்கள்.