பென்குயின் தொட்டி

என் மகள் போனில் வீடியோ பார்த்துப் பூந்தொட்டியில் பென்குயின் வரைகிறாள். வரையப் பழகுகிறவர்களுக்கான வீடியோவாம். எனாமல் பெயின்ட் வாடை பட்டதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

என் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயின்டர். கம்பம் ஊரில் ஒரு பூங்காவில் பென்குயின் உருவத்தில் சிமெண்டுக் குப்பைத்தொட்டி இருந்தது. அத்தா அதன் வயிற்றில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. காலியாகத்தானே கிடக்கிறது என்று அதன் வாய் வழியாக உள்ளே இறங்கிவிட்டேன். திரும்ப ஏற முடியாமல் அழுதேன். உள்ளே இருட்டு, சூடு, பெயின்ட் வாடை. அந்த வாய் அளவுக்குத்தான் வானம் தெரிந்தது.

"ஏலே, தொட்டி அழுகுதுடா!" வெளியே யாரோ சிரித்தார்கள்.

அத்தா உள்ளே கையை விட்டு என்னை இழுத்தார். என் தோள் அதன் வாயில் மாட்டிக்கொண்டது.

"தொட்டிய ஒடச்சா உனக்கு இங்கன வேலை கெடையாது, பாத்துக்க" என்றார் மேஸ்திரி.

அத்தாவின் முகம் தொட்டியின் வாயில் தெரிந்தது. என்னிடம்தான் பேசினார்.

"பின்னாடி ஒட்டி உக்காரு புள்ள. கண்ண மூடிக்க."

சுத்தியலால் அடித்தார். ஈரம் காயாத வெள்ளை வயிறு உடைந்து வெளிச்சம் வந்தது. அதன் பிறகு அவரை அங்கே யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"அம்மா, வயித்துல என்ன வரைய?" என்கிறாள் மகள்.

"ஒரு கதவு வை."

"பென்குயினுக்கு ஏதும்மா கதவு?"

"வை புள்ள. பெருசா வை."